ஐசியூ நோயாளிக்குச் சத்துப் பவுடர்: கொடுத்தால் என்ன கெட்டுவிடும்?

கேள்வி, 04.03.2024
பெரியப்பா ஒன்பது நாளாக வென்டிலேட்டரில் இருக்கிறார். நிமோனியா, செப்சிஸ் (தொற்று முற்றி உறுப்புகள் தடுமாறும் நிலை) என்கிறார்கள். மூக்குக் குழாயில் ஃபீட் (திரவ உணவு) போகிறது. ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் 2.1, வைட்டமின் டி 9, இரண்டும் குறைவாம். குளுட்டமைன் (ஒரு அமினோ அமிலம்), வைட்டமின் சி, ஒமேகா-3 எல்லாம் சேர்க்கலாமே என்று கேட்டேன். ‘தேவையில்லை’ என்று ஒரே வார்த்தையில் டாக்டர் முடித்துவிட்டார். சத்துதானே, விஷமா? உதவினால் உதவட்டும், உதவாவிட்டால் போகட்டும். கெடுதல் என்ன?

04.03.2024, இரவு
கெடுதல் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஆயிரக்கணக்கான நோயாளிகள் தேவைப்பட்டார்கள்.

நான் ஐசியூ டயட்டீஷியன், பதினெட்டு வருஷமாக. நீங்கள் கேட்கும் இதே கேள்வியை நானே டாக்டர்களிடம் சண்டை போட்டுக் கேட்டவள். குளுட்டமைனுக்காக ஸ்லைடு போட்டுப் பேசியிருக்கிறேன். அந்த ஸ்லைடுகள் இன்னும் ஒரு பென் டிரைவில் கிடக்கின்றன. திறந்து பார்க்கத் தைரியம் இல்லை.

2013-இல் குளுட்டமைனைப் பரிசோதித்த ரெடாக்ஸ் சோதனையின் முடிவு வந்தது. கனடா, அமெரிக்கா, ஐரோப்பாவில் 40 ஐசியூக்கள், 1,223 நோயாளிகள். எல்லாரும் வென்டிலேட்டரில் இருந்தவர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பு கெட்டவர்கள். குளுட்டமைன் பெற்றவர்களில் 28 நாளுக்குள் 32.4% பேர் இறந்தார்கள், பெறாதவர்களில் 27.2%. இந்த வித்தியாசம் தற்செயல் என்று சொல்லிவிடக்கூடிய எல்லைக் கோட்டில் நிற்கிறது, சரி. ஆறு மாதக் கணக்கு அப்படி இல்லை: 43.7%, 37.2%. அதே சோதனையில் செலினியம், துத்தநாகம், பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, சி சேர்ந்த கலவையும் ஒரு குழுவுக்குப் போனது. அதனால் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை.

மற்றவை பற்றி நாளை. டியூட்டி முடிந்து கண் எரிகிறது.

05.03.2024
குளுட்டமைனை ஏன் அவ்வளவு நம்பினோம் என்று சொல்லாமல் விட்டால் நாங்கள் எல்லாம் முட்டாள்கள் என்று தோன்றும். நாங்கள் முட்டாள்கள் இல்லை.

குடல் செல்களுக்கும் நோய் எதிர்ப்பு செல்களுக்கும் அது எரிபொருள். கடும் நோயில் தசை கரைந்து குளுட்டமைன் வெளியே வருகிறது, இருந்தும் சிலருக்கு ரத்தத்தில் அளவு இறங்குகிறது. அப்படி இறங்கியவர்கள் அதிகம் இறந்தார்கள். ‘குறைகிறது, சாகிறார்கள், ஆகவே நிரப்பு.’ இதில் ஓட்டை எங்கே என்று அன்று யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது.

ஓட்டை இரண்டு. நோய் முற்றியதால் அளவு இறங்கியதா, அளவு இறங்கியதால் நோய் முற்றியதா என்று அந்தக் கணக்கு சொல்லாது. மழைக்கும் குடைக்கும் சம்பந்தம் உண்டு; குடையை மடக்கினால் மழை நிற்காது. இரண்டாவது, ரெடாக்ஸில் ஒரு சிறு குழுவுக்கு ரத்த அளவு பார்த்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் குறைவு. மற்றவர்களுக்கு நிறைந்த பானையில்தான் ஊற்றியிருக்கிறோம்.

05.03.2024, பிற்பகல்
‘ரெடாக்ஸில் டோஸ் மிக அதிகம், கிட்னி கெட்டவர்களுக்கும் கொடுத்தார்கள், அதனால்தான்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயமான வாதம். நரம்பு வழியாகவும் குடல் வழியாகவும் சேர்த்துக் கொடுத்தார்கள், பெரிய டோஸ்தான். பின்னால் பிரித்துப் பார்த்தபோது, தொடக்கத்திலேயே கிட்னி பழுதானவர்களிடம்தான் கெடுதல் அதிகம் தெரிந்தது.

ஆனால் தீக்காயம்? அங்கே குளுட்டமைன் கட்டாயம் வேலை செய்யும் என்று நான் 2022 வரை நம்பினேன். ரீ-எனர்ஜைஸ் சோதனை: 14 நாடுகள், சுமார் 1,200 தீக்காய நோயாளிகள். உயிரோடு வீடு திரும்பும் நாளில் வித்தியாசமே இல்லை. அங்கே கெடுதல் தெரியவில்லை, பலனும் தெரியவில்லை. என் கடைசிக் கோட்டையும் போனது.

06.03.2024
குளுட்டமைன் பவுடர் குழாயில் கட்டி அடைத்துக்கொள்ளும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். இரவு டியூட்டி நர்ஸ்கள் என்னைச் சபித்திருப்பார்கள். ஆராய்ச்சிக்கு முன்பே அவர்களுக்கு உண்மை தெரிந்திருந்தது.

07.03.2024
வைட்டமின் சி. இதற்கு ஒரு காதல் கதையின் அமைப்பு உண்டு.

2017-இல் பால் மாரிக் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. செப்சிஸ் நோயாளிகள் 47 பேருக்கு வைட்டமின் சி, தயமின் (வைட்டமின் பி1), ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு. அதற்கு முந்தைய மாதங்களில் வந்த வேறு 47 பேரோடு ஒப்பீடு. இறப்பு 40.4%-இலிருந்து 8.5%-ஆக இறங்கியதாம். உலகம் முழுக்க ஐசியூக்களில் மஞ்சள் பாட்டில் தொங்க ஆரம்பித்தது. எங்கள் யூனிட்டிலும்.

எண்ணை நிதானமாகப் பாருங்கள். செப்சிஸில் எந்த மருந்தும் இறப்பை ஐந்தில் ஒரு பங்காக்கியதில்லை. அவ்வளவு பெரிய பலன் 94 பேரில் தெரிந்தால், முதலில் ஒப்பீட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்று குலுக்கிப் பிரிக்காமல், முன்பு வந்தவர்கள் பின்பு வந்தவர்கள் என்று ஒப்பிட்டால் இடையில் மாறிய எல்லாமே மருந்தின் கணக்கில் ஏறிவிடும்.

குலுக்கிப் பிரித்த சோதனைகள் பின்னால் வந்தன. 2020-இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரேசிலில் 216 பேரிடம் அதே மூன்று மருந்து. ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் மருந்து இல்லாமல் உயிரோடு இருந்த மணிக்கணக்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே. 2022-இல் லோவிட் என்ற சோதனை வந்தது, 872 பேர், வைட்டமின் சி மட்டும். வைட்டமின் சி குழுவில் 44.5% பேர் இறந்தார்கள், மற்ற குழுவில் 38.5%.

08.03.2024
நேற்று எழுதியதில் தப்பு. 44.5%, 38.5% என்பது இறப்பு மட்டும் அல்ல. 28-ஆம் நாளில் ‘இறந்தார் அல்லது உறுப்புச் செயலிழப்பு இன்னும் தொடர்கிறது’ என்ற கூட்டுக் கணக்கு அது. இறப்பை மட்டும் எடுத்தால் 35.4%, 31.6%. அந்த வித்தியாசம் தற்செயலாக இருக்க வாய்ப்புண்டு. ‘வைட்டமின் சி கொல்லும்’ என்று யாராவது என்னை மேற்கோள் காட்டினால் நான் பொறுப்பில்லை. கூட்டுக் கணக்கில் மோசம், தனி இறப்பில் உறுதியில்லை, நல்லது எங்கும் இல்லை. அவ்வளவுதான்.

திருத்தச் சொன்னவருக்கு: ஆமாம், ராத்திரி பதினொரு மணிக்கு எண்களை நினைவிலிருந்து எழுதக் கூடாது.

08.03.2024, இரவு
இன்னொருவர் வைட்டமின் சி-க்கு ஆதரவாகச் சிட்ரிஸ் சோதனையை எடுத்துக் காட்டியிருக்கிறார். 2019, 167 பேர், 28 நாள் இறப்பு வைட்டமின் சி குழுவில் 29.8%, மற்ற குழுவில் 46.3%. உண்மைதான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்தச் சோதனை எதைப் பார்ப்பதாக முன்கூட்டியே சொன்னதோ, உறுப்புகளின் நிலையும் அழற்சி அளவுகளும், அவற்றில் வித்தியாசம் இல்லை. இறப்பு என்பது பக்கத்தில் பார்த்த நாற்பதுக்கும் மேற்பட்ட கணக்குகளில் ஒன்று. நாற்பது முறை வலை வீசினால் ஒரு மீனாவது மாட்டும்.

இதற்கும் எதிர்வாதம் உண்டு, அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. உறுப்புகளின் நிலையை அளந்தது 96 மணி நேரத்தில். அதற்குள் இறந்தவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். மோசமானவர்கள் ஒரு குழுவில் முன்பே இறந்துவிட்டால் அந்தக் குழுவில் மிஞ்சியவர்கள் நன்றாகத் தெரிவார்கள். ஆகவே ‘வித்தியாசம் இல்லை’ என்பதே ஏமாற்றுத் தோற்றமாக இருக்கலாம். லோவிட் வரும்வரை இந்த வாதத்தோடு ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

09.03.2024
வைட்டமின் சி பற்றிச் சோதனை எண்கள் இல்லாத ஒரு விஷயம், கட்டில் ஓரத்து விஷயம். பெரிய டோஸ் போகும்போது விரல் நுனியில் குத்திப் பார்க்கும் சில வகை குளுக்கோமீட்டர்கள் வைட்டமின் சி-யைச் சர்க்கரை என்று எண்ணிக்கொள்ளும். மீட்டர் 280 காட்டும், உண்மையில் 130 இருக்கும். அதை நம்பி இன்சுலின் ஏற்றினால் நோயாளி தாழ்சர்க்கரையில் விழுவார். மயக்க மருந்தில் இருப்பவருக்கு வியர்வையும் நடுக்கமும் யார் கவனிப்பார்கள்? எங்கள் யூனிட்டில் ஒருமுறை லேப் ரிப்போர்ட் வந்த பிறகுதான் பிடித்தோம். பத்து நிமிஷம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பேன். சத்துதானே என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த மீட்டர்தான்.

10.03.2024
பெரியப்பாவின் வைட்டமின் டி 9. இதை நீங்கள் 2014-இல் கேட்டிருந்தால் ‘உடனே கொடுங்கள்’ என்றிருப்பேன்.

அந்த வருஷம் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்திலிருந்து ஒரு சோதனை வந்தது. 5,40,000 யூனிட் ஒரே மூச்சில், பிறகு மாதாமாதம். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் வித்தியாசம் இல்லை. ஆனால் 12-க்குக் கீழே இருந்தவர்களைத் தனியாகப் பிரித்தபோது ஆஸ்பத்திரி இறப்பு வைட்டமின் டி பெற்றவர்களில் 28.6%, மற்ற குழுவில் 46.1%. நான் அந்த வரியை மட்டும் அடிக்கோடிட்டு எல்லாரிடமும் காட்டினேன்.

2019-இல் அமெரிக்காவில் வயலட் சோதனை. அதே டோஸ், குறைபாடு உறுதியான 1,078 பேர். 90 நாள் இறப்பு 23.5%, கொடுக்காதவர்களில் 20.6%. பலன் தெரிய வழியில்லை என்று பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். 12-க்குக் கீழே இருப்பவர்களை மட்டும் எடுத்து ஐரோப்பாவில் விட்டாலைஸ் என்ற சோதனையைத் தொடங்கினார்கள், அதன் முடிவைப் பார்க்க வேண்டும். அதுவரை ஃபீடில் இருக்கும் தினசரி அளவு போதும். 9 என்ற எண்ணுக்குப் பயந்து ஐந்து லட்சம் யூனிட் கொட்ட வேண்டாம்.

இன்னொன்று: செப்சிஸில் எடுத்த ரத்தத்தில் வைட்டமின் டி, சி, துத்தநாகம், செலினியம், இரும்பு எல்லாமே இறங்கித்தான் காட்டும். அழற்சி ஏறினால் அவை ரத்தத்தைவிட்டு வேறு இடத்துக்கு ஒதுங்கும், அல்லது சுமந்து செல்லும் புரதம் குறையும். ஃபெரிட்டினும் (இரும்பைச் சேமிக்கும் புரதம்) தாமிரமும் தலைகீழாக ஏறும். ஜுரத்தில் எடுத்த அந்த ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்தி, உடம்பு தேறிய பிறகு மறுபடி பாருங்கள்.

11.03.2024
ஆல்புமின் 2.1-க்கும் இதே பதில். அது சாப்பாட்டின் அளவுகோல் இல்லை. கல்லீரல் அழற்சி நேரத்தில் ஆல்புமின் செய்வதைக் குறைத்து வேறு புரதம் செய்யப் போய்விடும், ரத்தக் குழாய்களிலிருந்தும் கசியும். நோய் இறங்கினால் தானே ஏறும். ‘ஆல்புமின் குறைவு, புரதம் ஏற்று’ என்று சீட்டு எழுதும் டாக்டர்கள் இன்னும் இருக்கிறார்கள், பாவம்.

13.03.2024
கொஞ்சம் வழி தவறிப் போகிறேன், ஆனால் இது தெரிந்தால்தான் மீதி புரியும்.

1999-இல் வளர்ச்சி ஹார்மோன். கடும் நோயில் தசை கரைகிறது, வளர்ச்சி ஹார்மோன் தசையைக் கட்டும், ஆகவே கொடு. எவ்வளவு அழகான தர்க்கம்! பின்லாந்தில் 247 பேர், மற்ற ஐரோப்பிய நாடுகளில் 285 பேர். ஹார்மோன் பெற்றவர்களில் இறப்பு பின்லாந்தில் 39%, பெறாதவர்களில் 20%. மற்ற நாடுகளில் 44%, 18%. நைட்ரஜன் கணக்கு, அதாவது உடம்பில் புரதம் சேர்கிறதா கரைகிறதா என்ற கணக்கு, மட்டும் முன்னேறியது. தாளில் தசை வளர்ந்தது, நோயாளி இறந்தார்.

2011-இல் பெல்ஜியத்தில் எபானிக் சோதனை, 4,640 பேர். குடல் வழி ஃபீட் போதாதபோது மீதியை நரம்பு வழியாக முதல் இரண்டு நாளுக்குள் ஏற்றுவதா, எட்டாம் நாள்வரை பொறுப்பதா? பொறுத்த குழுவே ஐசியூவிலிருந்து சீக்கிரம் வெளியே வந்தது. தொற்றும் குறைவு: 22.8%, சீக்கிரம் ஏற்றியவர்களில் 26.2%. பட்டினியில் செல் தன் குப்பையைத் தானே எரித்துக்கொள்ளும், ஊட்டம் ஏற்றினால் அந்த வேலை நின்றுவிடும் என்பது அவர்கள் தந்த விளக்கம்.

‘உடம்புக்குத் தெரியும், நாம் குறுக்கே போகக் கூடாது’ என்று இதை வைத்துச் சிலர் தத்துவம் பேசுவார்கள். அந்தப் பக்கம் போகாதீர்கள். உடம்புக்கு எல்லாம் தெரிந்திருந்தால் ஐசியூவே வேண்டாம்.

15.03.2024
புரதம் பற்றிக் கேட்டவருக்கு. எனக்கு நெருக்கமான விஷயம், கூச்சமான விஷயமும்.

கிட்னி தடுமாறிக்கொண்டிருந்த ஒருவருக்குக் கிலோவுக்கு 2 கிராமுக்கு மேல் புரதம் ஏற்றினேன். தசையைக் காப்பாற்றுகிறேன் என்ற வீம்பு. யூரியா நாளுக்கு நாள் ஏறியது. நான் அதை நோயின் கணக்கில் எழுதினேன். நான்காம் நாள் நெஃப்ராலஜிஸ்ட் (கிட்னி டாக்டர்) ஃபீட் சார்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்தார். திட்டவில்லை, சார்ட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

2023-இல் எஃபர்ட் சோதனை, 16 நாடுகள், 85 ஐசியூக்கள், 1,301 பேர். 2.2 கிராமும் அதற்கு மேலும் ஒரு பக்கம், 1.2-உம் அதற்குக் கீழும் மறுபக்கம். 60 நாள் இறப்பு 34.6%, 32.1%. அதிகம் கொடுத்தால் பொதுவாகப் பலன் இல்லை. கிட்னி பழுதானவர்களுக்கும் பல உறுப்பு கெட்டவர்களுக்கும் கெடுதல் தெரிந்தது. மேஜைமேல் வைத்த சார்ட் எனக்கு அதை முன்பே சொல்லிவிட்டது.

17.03.2024
‘அப்படியானால் எதுவுமே கொடுக்கக் கூடாதா? நீங்கள் எதற்குச் சம்பளம் வாங்குகிறீர்கள்?’ நல்ல கேள்வி.

இல்லாததைக் கொடுக்க வேண்டும். ‘இல்லை’ வேறு, ‘ரத்தத்தில் குறைவாகக் காட்டுகிறது’ வேறு. இந்த இழை முழுக்க நான் சுற்றிச் சுற்றி வருவது இந்த ஒரு இடத்தைத்தான்.

தயமின். 1997-இல் அமெரிக்காவில் நரம்பு வழி மல்ட்டிவைட்டமினுக்குத் தட்டுப்பாடு வந்தது. முழு உணவும் நரம்பு வழியாகவே பெற்ற சிலருக்கு வைட்டமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் போனது. ரத்தத்தில் லாக்டேட் அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தானது. காரணம் தயமின் இல்லாமை. குளுக்கோஸை எரிக்கும் பாதையில் ஒரு கதவின் சாவி அது. சாவி இல்லாமல் விறகை மட்டும் அடுக்கினால் புகைதான் மிஞ்சும். பட்டினியில் வந்தவர், பல நாள் வாந்தியோடு வந்தவர், குடிப்பழக்கம் உள்ளவர் என்றால் ஃபீடுக்கு முன் தயமின், இதில் பேச்சே இல்லை.

அதேபோலத் தொடர் டயாலிசிஸ் ஓடினால் தாமிரம், தயமின், வைட்டமின் சி எல்லாம் வடிகட்டி வழியே போகும். பெரிய தீக்காயத்தில் கசியும் நீரோடு தாமிரம், துத்தநாகம், செலினியம் போகும். போனதை ஈடு செய்வது சிகிச்சை. போகாததைக் கொட்டுவது வேறு.

18.03.2024
பாஸ்பேட் கதையை எழுதலாமா வேண்டாமா என்று நேற்று இரவு யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

வேலையில் சேர்ந்து மூன்றாம் வருஷம். இரண்டு வாரத்துக்கு மேல் சரியாகச் சாப்பிடாத ஒரு அம்மா. எலும்பும் தோலும். பார்த்ததும் மனசு பதறி முதல் நாளே முழு ஃபீட் போட்டேன். மூன்றாம் நாள் வென்டிலேட்டரிலிருந்து விடுவிக்கப் பார்த்தால் மூச்சுத் தசைக்குப் பலமே இல்லை. பாஸ்பேட் பார்த்தோம். தரையில் கிடந்தது.

பட்டினிக்குப் பின் திடீர் மாவுச்சத்து வந்தால் இன்சுலின் எகிறும், பாஸ்பேட்டும் பொட்டாசியமும் மெக்னீசியமும் செல்லுக்குள் பாய்ந்துவிடும், ரத்தம் காலி. இரண்டாம் உலகப் போரில் விடுதலையான கைதிகள் சாப்பிடத் தொடங்கிய பிறகு இறந்தது இதனால்தான் என்று படித்துப் பரீட்சையும் எழுதியிருந்தேன். கட்டில் ஓரத்தில் அது ஞாபகம் வரவில்லை. அந்த அம்மா பிழைத்தார். ஐசியூவில் இன்னும் ஆறு நாள் அதிகம் இருந்தார். அந்த ஆறு நாள் என் கணக்கு.

2015-இல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 339 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஃபீட் தொடங்கியதும் பாஸ்பேட் விழுந்தவர்களுக்குக் கலோரியைக் குறைத்துப் பார்த்தார்கள். முதன்மைக் கணக்கில் வித்தியாசம் இல்லை, ஆனால் 60-ஆம் நாளில் உயிரோடு இருந்தவர்கள் கலோரி குறைத்த குழுவில் அதிகம். (பக்கக் கணக்கை நம்பாதே என்று சிட்ரிஸில் சொன்னவள் இங்கே அதையே காட்டுகிறேன். பிடித்தவர்களுக்குப் பாராட்டு.)

21.03.2024
ஒமேகா-3 கேட்டு மூன்று பேர் நச்சரிக்கிறார்கள். சுருக்கமாக: 1999 முதல் 2006 வரை வந்த சிறு சோதனைகளில் மீன் எண்ணெய் ஃபீட் பிரமாதமாக ஜெயித்தது. எதோடு ஒப்பிட்டார்கள்? ஒமேகா-6 நிறைந்த கொழுப்பு ஃபீடோடு. எதிராளி நொண்டி. 2011-இல் நுரையீரல் பாதிப்புள்ள 272 பேரிடம் நேர்மையாகச் சோதித்தபோது வென்டிலேட்டர் இல்லாத நாட்கள் 14.0, ஒப்பீட்டுக் குழுவில் 17.2. பாதியில் நிறுத்தினார்கள். பேதி வேறு.

புரோபயாட்டிக், அதாவது குடலுக்கு ‘நல்ல’ பாக்டீரியா, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2008, நெதர்லாந்து, கடும் கணைய அழற்சி, 296 பேர். இறப்பு புரோபயாட்டிக் குழுவில் 16%, மற்ற குழுவில் 6%. குடலுக்கு ரத்தம் நின்றவர்கள் ஒன்பது பேர், எல்லாரும் புரோபயாட்டிக் குழு. 2021-இல் ப்ராஸ்பெக்ட் சோதனை, 2,650 பேர்: வென்டிலேட்டர் நிமோனியா குறையவில்லை. அதே பாக்டீரியா ரத்தம் போன்ற இடங்களில் முளைத்தது 15 பேருக்கு, மற்ற குழுவில் ஒருவருக்கு. ‘நல்ல’ பாக்டீரியா என்று பேர் வைத்தால் அதற்கு அட்ரஸ் தெரிந்துவிடுமா?

24.03.2024
பவுடருக்குச் சண்டை போடும் உறவினர்கள் ஒருவர்கூட என்னிடம் கேட்காத கேள்வி: ‘இன்றைக்கு ஃபீட் எத்தனை மணி நேரம் நின்றது?’ ஸ்கேனுக்கு நிறுத்தம், குழாய் மாற்ற நிறுத்தம், ‘காலையில் ப்ரொசீஜர் இருக்கு’ என்று நள்ளிரவிலிருந்து நிறுத்தம், அது மாலைக்குத் தள்ளிப்போகும். எழுதிக்கொடுத்ததில் பாதிக்குச் சற்று மேலேதான் பல நோயாளிகளுக்குப் போய்ச் சேருகிறது. இதுதான் உண்மையான பற்றாக்குறை.

25.03.2024
நூட்ரிரியா-3 சோதனையை ஒருவர் என் முகத்தில் வீசியிருக்கிறார். 2023, பிரான்ஸ், வென்டிலேட்டரில் ஷாக்கில் (ரத்த அழுத்தம் விழுந்த நிலையில்) இருந்த 3,044 பேர். முதல் வாரம் கிலோவுக்கு வெறும் 6 கலோரி, மற்ற குழுவுக்கு 25. இறப்பு ஒன்றே. குறைவாகப் பெற்றவர்கள் ஒரு நாள் முன்னதாகத் தேறினார்கள், வாந்தி பேதி குறைவு. ஆகவே நேற்றைய என் புலம்பல் முதல் வாரத்துக்குச் செல்லாது. சரி, ஒத்துக்கொள்கிறேன். பெரியப்பாவுக்கு முதல் வாரம் தாண்டிவிட்டது, அவருக்குச் செல்லும்.

புரோபோஃபால் மயக்க மருந்து ஓடினால் அதுவே கொழுப்புக் கரைசல், மில்லிக்கு 1.1 கலோரி. அதைக் கழிக்காமல் ஃபீட் கணக்குப் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் போட்டிருக்கிறேன்.

02.04.2024
பெரியப்பாவுக்கு மூச்சுக் குழாய் எடுத்துவிட்டார்கள் என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். மூக்குக் குழாயையும் அன்றைக்கே எடுத்துவிட்டார்களாம், ‘வாயால் சாப்பிடட்டும்’ என்று. இப்போது பவுடர் கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

இப்போதுதான் சரியான கேள்வி. தொண்டை புண், நாக்கில் ருசி இல்லை, கரண்டி தூக்கக் கையில் பலமில்லை. மூச்சுக் குழாய் எடுத்தபின் ஒரு வாரம் கவனித்த ஒரு சிறு ஆய்வில், சராசரியாக எந்த நாளும் தேவையில் பாதியைத் தாண்டவில்லை. மூக்குக் குழாயை இரண்டு மூன்று நாள் விட்டுவைத்து இரவில் ஃபீட் ஓட்டியிருக்கலாம்.

பவுடர் கொடுங்கள், கிட்னி எண்கள் சரியாக இருந்தால். அதற்கு முன் விழுங்கும் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள், நுரையீரலுக்குள் போனால் மறுபடி நிமோனியா. ஒவ்வொரு வேளையும் தட்டில் எவ்வளவு மிச்சம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்று நாள் எழுதி இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.

06.04.2024
நோட்டின் படம் பார்த்தேன். காலை வேளைகளில் முக்கால் மிச்சம், மாலையில் பாதி. காலையில் பிசியோதெரபி எத்தனை மணிக்கு? அதை முடித்து அரை மணி கழித்துத் தட்டைக் கொண்டு வரச் சொல்லுங்கள்.